நடக்காத இறுதி ஆட்டம்

டிவியில் இறகுப்பந்து மட்டையில் படும் சத்தம் கேட்டதும், தோல் மண்டியில் வேலை பார்த்த அத்தாவின் சட்டை வாடை நினைவில் ஏறியது. வருடந்தோறும் இந்தச் சர்வதேசப் போட்டி முடிந்ததும், கல்லூரியில் இறகுப்பந்து ஆடிய அம்மாவுக்கு அத்தா பேப்பரிலிருந்து செய்தியை வாசித்துக் காட்டுவார். இடுப்பொடிந்து அம்மா படுக்கையில் கிடந்த வருடம் இறுதி ஆட்டத்தைப் புள்ளி விடாமல் வாசித்தார். தோற்றவளுக்காக அம்மா தேம்பி அழுதாள்.

இப்போது டிவியில் ஓடிய பழைய வெற்றியாளர் பட்டியலில், அந்த வருடத்துக்கு நேரே ‘போட்டி நடக்கவில்லை’ என்றிருந்தது.

"ஏம்மா, அத்தா வாசிச்சதெல்லாம் பொய்யா?"

"அன்னைக்கே தெரியும். அவரு வர்றதுக்கு முன்னாடியே, போட்டி ரத்துன்னு பேப்பர்ல பாத்துட்டேன். ஆசையா வாசிக்கிறாரு, வாசிக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப யாருக்காகம்மா அம்புட்டு அழுத?"

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.