முதுகைச் சுவராகத் தந்த மதினி

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாண்டியம்மா மதினி தவறிருச்சுக்கா. நெஞ்சுவலியாம். சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சே!" என்று லட்சுமி அழுதாள். போடியில் மதினியோடும் எங்களோடும் ஏலக்காய் பொறுக்கிய பெண்கள் எல்லோரும் அன்று இதையே சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் மதினி சொல்லாமல் போனார் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய எங்கள் கிட்டங்கியும் தெரிந்திருக்கும். தரையில் சாக்கு, மடியில் காய் பரப்பிய சுளகு. காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வெடித்த காய், கருத்த காய் எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். சாய்ந்து உட்காரத் தோதான சுவரோரம் மூத்தவர்களுக்கு, மற்றவர்கள் நடுவில். நான் நடுவில்தான். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இடுப்பு வலி என்னைப் பிடித்துக்கொண்டது. நடந்தால் வலிக்காது, படுத்தால் வலிக்காது, உட்கார்ந்தால் உயிர் போகும். எனக்கோ உட்காருவதுதான் பிழைப்பு! தைலம், ஊசி, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. என் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தும், இனி முடியாது, நின்றுவிடுவோம் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அன்று, மதினி தன் சுவரோரத்தை விட்டுவிட்டுச் சுளகோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"திரும்பாத. அப்பிடியே சாஞ்சு பாரு."

முதுகும் முதுகும் ஒட்டின. எனக்கும் ஒரு சுவர் கிடைத்துவிட்டது! சந்தோஷத்தில் முழுப் பாரத்தையும் அவர் மேல் போட்டேன். "அடியே, நான் என்ன கட்டிலா? நானும் தாங்குறேன், நீயும் தாங்கு. அப்பத்தான் ரெண்டு பேருக்கும் நிக்கும்" என்றார்.

மறுநாளே ஒரு கூத்து. தண்ணீர் குடிக்க மதினி சட்டென்று எழுந்தார். நான் மல்லாக்க விழுந்தேன், சுளகு பறந்தது, பொறுக்கிய காயும் தள்ளிய காயும் ஒன்றாகி ஹால் முழுக்க உருண்டன. மதினி சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். பிறகு என்னோடு குனிந்து அத்தனையையும் அள்ளினார். அன்றே ஒரு விதியும் போட்டார். எழுகிறவள், "எந்திரிக்கப் போறேன், ஊண்டிக்க" என்று சொல்ல வேண்டும். மற்றவள் தரையில் கையை ஊன்றிய பிறகுதான் எழ வேண்டும். அடிக்கடி எழவும் வேண்டும். "உக்காந்தே கெடந்தா வலி வேரு விட்ரும். அப்பப்ப எந்திரிச்சு அத உலுப்பி விடணும்" என்பார்.

சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவில்லை. "கதை பேசத்தான சேந்து உக்காந்திருக்கீங்க? எடத்த மாத்துங்க" என்றார். மதினி விடுவாரா? "மூஞ்சியவே பாக்காம என்னண்ணே கதை? போடிமெட்டுல இருந்து சாயங்கால ஜீப்பு வர்றதுக்குள்ள எங்க ரெண்டு பேரு மூட்டையும் முடியலேன்னா, இவளக் கூட்டிக்கிட்டு நானே வெளிய போறேன்."

என் வேலையைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டார்! சுளகை இழுத்துக்கொண்டேன். கை பறந்தது. வலி இருந்ததா என்று கேட்டால் நினைவில்லை. மலைத் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிவரும் முதல் ஜீப்பின் ஹாரன் தூரத்தில் கேட்டபோது என் சுளகில் இன்னும் இரண்டு கை காய் இருந்தது. மதினி எப்போதோ முடித்திருந்தார். ஆனாலும் எழவில்லை. முதுகைக் கொடுத்தபடி, "வெரசா, வெரசா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜீப்பு வாசலைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன்! ஹாலே கை தட்டியது. சூப்பர்வைசர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஒரு சொத்தைக் காய் இல்லை. கையிலிருந்ததைச் சுளகில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் நடு ஹால் முழுக்க ஜோடி ஜோடியாக முதுகுகள்.

மதினிக்கும் அதே வலி உண்டு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. "பெறகு எதுக்கு மதினி சுவர விட்டீங்க?" என்று கோபமாகவே கேட்டேன். "சுவரு சும்மா நிக்கும். நீன்னா சிரிக்கும்போது குலுங்குவ" என்றார். உண்மைதான். அவர் சிரிப்பைக் கண்ணால் பார்த்ததைவிட முதுகால் அறிந்ததே எனக்கு அதிகம்.

வலி இன்னும் இருக்கிறது. அதோடு உட்காரத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை என் பின்னால் லட்சுமி வந்து உட்கார்ந்தாள். "மதினி சொல்லாமப் போயிருச்சேக்கா" என்று மறுபடி ஆரம்பித்தாள். இல்லை, லட்சுமி. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும், வழக்கம்போல, "எந்திரிக்கப் போறேன், ஊண்டிக்க" என்றார். நான் கையை ஊன்றிய பிறகுதான் எழுந்து போனார். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தச் சொல்தான். அதனால்தான் நான் இன்னும் விழாமல் உட்கார்ந்திருக்கிறேன்.