கடைசியில் சொன்ன பெயர்

சிறுவயதில் குலசாமிப் பொங்கலன்று பங்காளிகள் எல்லாரும் பழவேற்காட்டில் கூடுவோம். நைனா ராகம் போட்டு முன்னோர் பெயர்களைச் சொல்வார். பிள்ளைகள் ஒப்பித்தால்தான் பொங்கல். ஒல்லாந்தர் கப்பல் அடிமையாக ஏற்றிப்போன சித்தப்பாவின் பெயர் கடைசி.

சென்ற மாதம் மாலுமியாக வந்திறங்கிய ஒருவன், “நான் அவரு புள்ள” என்றான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பங்காளிகள் முறைவைத்து மீன்பிடிக்கும் ஏரியில் சித்தப்பாவுக்குரிய முறையிலும் இத்தனை காலம் நான்தான் வலை போடுகிறேன்.

“அதுக்கு இன்னா சாட்சி?”

நைனாவின் அதே ராகத்தில் எல்லாப் பெயர்களையும் சொன்னான். சித்தப்பாவோடு நிறுத்தவில்லை, என் பெயரையும் சொன்னான்.

“அது யாரு?” என்றேன், தெரியாதவன் போல.

“அண்ணன் புள்ளையாம். புடிக்க வந்தப்ப எங்க நைனா இடுப்புல இருந்தானாம்.”

மறுநாள் சித்தப்பாவின் முறை. என் வலையை அவனிடம் கொடுத்தனுப்பினேன். படகு நகர்ந்த பிறகுதான் உறைத்தது: அவன் பெயரை நான் கேட்கவே இல்லை.