எனக்கு முன்னால் பாறை ஏறியவன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். வருசநாட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் தானாக ஓடுகிறது, முனி வந்து போடுகிறது என்று ஊரே கூடி நின்றது, என்னைக் கூப்பிட்டார்கள், போய் ஸ்டார்ட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி வெளியே போட்டேன், முனியும் போய்விட்டது. அப்படிப்பட்ட ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு நான் இரண்டாவது புருஷன். ராயப்பன்பட்டிக்காரி. முதல் புருஷன் பெயர் சேவியர், மலை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, ராமக்கல்மேடு என்று சுற்றிக்காட்டுகிறவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். நானும் தனிக்கட்டை, பெரியவர்கள் பேசினார்கள், மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முறையாகத்தான் கட்டினேன்.

செத்துப்போன மனிதர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். பட்டுப் பார்த்தால்தான் தெரியும். உயிரோடு இருக்கிறவன் என்றால் குடித்துவிட்டு வருவான், கோபத்தில் தட்டைத் தூக்கி எறிவான், நாலு பேர் முன்னால் அசடு வழிவான், நாமும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். செத்தவர் எந்தத் தப்பும் செய்ய மாட்டார். கூடத்தில் சேவியர் படம், அதற்குக் கீழே ஒரு குட்டிச் சிவப்பு பல்பு, நான் சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே அவர் முகம். கடைவீதியில் என்னைச் சகாயம் என்று சொல்ல மாட்டார்கள், "சேவியர் வீட்டுக்காரியக் கெட்டுனவரு" என்பார்கள். அவர் விட்டுப்போன ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன், அதன் சீட்டுகூட அவர் உடம்புக்குத் தகுந்தாற்போல் ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கும், நான் உட்கார்ந்தால் சரிந்து சரிந்து போவேன். நாய் ஒன்று, செவலை, அசல் கோம்பை நாய், லேசில் யாரையும் கிட்டே விடாத ஜாதி. அது அவர் கையில் வளர்ந்தது. நான் சோறு வைத்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தால்தான் வாயையே வைக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஸ்டெல்லா என்னோடு வாய்விட்டுச் சிரித்ததே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு, மரியாதை, எல்லாம் உண்டு. சத்திரத்தில் தங்கியிருக்கிற ஆளைக் கவனிப்பது மாதிரி இருக்கும். அக்கா சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று அவள் தங்கச்சி பிரியாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு ஒரு தடவை எனக்கென்று வந்துவிட வேண்டும், அதற்காக நான் ஆடாத கூத்தில்லை.

போன ஆடியில் பிரியாவும் அவள் புருஷனும் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். ராமக்கல்மேடு பார்க்க வேண்டும் என்றார்கள். நம் பள்ளத்தாக்கை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கேரளாவுக்குள் ஏறித்தானே பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அங்கே போக இஷ்டமே இல்லை, அது சேவியர் ஆண்ட பூமி. ஸ்டெல்லா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். செவலையும் தாவி ஏறிக்கொண்டது.

நினைத்தபடியே ஆயிற்று. செக் போஸ்ட் தாண்டி ஒரு சாயாக்கடையில் நிறுத்தினோம், கடைக்காரர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்த்துவிட்டு, "சேவியர் வண்டியல்லே இது? ஆள் எவிடே?" என்றார்.

"அவுக தவறிட்டாக, சேட்டா," என்றாள் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவரு எங்க வீட்டுக்காரரு," என்றாள்.

அவருக்குப் புருஷனைச் சொல்கிற 'அவுக', எனக்கு வெறும் 'இவரு'. சாயாவைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேவியர் ஜீப் ஓட்டிய அழகைச் சொல்ல ஆரம்பித்தார், மழையில் எப்படி ஏற்றுவார், பயப்படுகிற பிள்ளைகளை எப்படிச் சிரிக்க வைப்பார் என்று. நான் போய் ஹாரனை அடித்தேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. சனிக்கிழமை மத்தியானம்தான், ஆனாலும் மேகம் இறங்கி மூடியிருந்ததால் சுற்றிப் பார்க்க வந்தவர்களெல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள், காற்றாலை றெக்கை சுற்றுகிற சத்தம் கேட்கிறது, ஆலையைக் காணோம். எங்கள் ஜீப் கொதித்துப்போய்ப் பாறைக்குக் கீழே நின்றுவிட்டது. சேவியருக்குக் கொதிக்காது, எனக்கு மட்டும் கொதிக்கும்! பானெட்டைத் தூக்கிவிட்டு நானும் சகலையும் நின்றோம். பிரியா காது வலிக்கிறது என்று வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டாள். "நான் மேல போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று ஸ்டெல்லா நாயோடு ஏறினாள். அந்தப் பாறைக்கு ஏற ஒரே ஒரு தடம், அது எங்களை உரசிக்கொண்டுதான் போகிறது. அவளுக்குப் பிறகு அதில் ஒரு ஈ, காக்கைகூடப் போகவில்லை. சகலையைக் கேளுங்கள், அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஒரு பெண் சிரிக்கிற சிரிப்பு, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, நிறுத்த முடியாமல் மூச்சு வாங்கி மறுபடியும் சிரிக்கிறது. யாரோ டூரிஸ்ட் என்று நினைத்தேன். நம்புங்கள், என் மனைவியின் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிரியாதான் கண்ணாடியை இறக்கி, "ஆத்தாடி, அக்கா! எம்புட்டு நாளாச்சு இப்பிடிச் சிரிச்சு!" என்றாள்.

நடுவே ஒரு ஆண் குரலும் கேட்டது. தாழ்ந்த குரல். வார்த்தை பிடிபடவில்லை.

"ஏனுங்கண்ணா, அக்கா யாருகூடப் பேசிட்டு இருக்காங்க?" என்றார் சகலை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எவனோ ஜீப்காரன், சேவியரின் பழைய சிநேகிதன், மேலே நின்று என் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறான், நான் இங்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கையில் ஸ்பேனரோடு ஏறினேன், இரண்டு தடவை சறுக்கி முட்டி பேர்ந்தது, அது அப்போது தெரியவில்லை. உச்சிக்குப் போகும்போது மேகம் சட்டென்று விலகியது. கீழே கம்பம், திராட்சைத் தோட்டமெல்லாம் பச்சைப் பச்சையாகத் தெரிகிறது, அந்தப் பக்கம் நேர்ப் பள்ளம். ஸ்டெல்லா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் செவலை மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது, யாரோ தடவிக்கொடுப்பது மாதிரி ஒரு பின்னங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கோம்பை நாய் மல்லாந்து படுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் மறுபடி சிரித்தாள்.

"இப்பத்தான எறங்குனீக, அதுக்குள்ள ஓடியாந்துட்டீக? இன்னுங் கொஞ்ச நேரம் இங்கனயே இருந்திருக்கலாம்ல? இந்தா, மூச்சு வாங்குது பாருங்க," என்று எழுந்து வந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதுநாள்வரை அவள் அப்படிச் செய்ததில்லை. "ஸ்பேனரு எதுக்கு? போம்போது வெறுங்கையாத்தான போனீக?"

நான் வரவே இல்லையே, கீழேதானே நின்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த முகத்தோடு அவள் என்னைப் பார்க்கிறாள். என்னைத்தான் பார்க்கிறாள், எனக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நான் விழுங்கிவிட்டேன். பின்னாலேயே ஏறி வந்த சகலை, "அண்ணா எங்கூடத்தானே..." என்று ஆரம்பித்தார், அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

ஜீப் உடனே ஸ்டார்ட் ஆனது. இறங்கும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், "சேவியர் படம் கூடத்துலயே இருக்கட்டும், எனக்கு அதுல துளிகூடப் பொறாமை கெடையாதுன்னு சொன்னீக பாருங்க, அப்பத்தான் எனக்கு மனசு லேசாச்சு. இம்புட்டு நாளா நீங்க உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கீகன்னுல்ல பயந்து கெடந்தேன்."

எவன் வாயில் வருகிற பேச்சு இது? அவர் படம் இருக்கட்டும் என்று என் பேரில் வந்து சிபாரிசு செய்தது யார் என்று யோசித்தேன், யோசித்தால் ஸ்டியரிங் ஆடியது, விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வேறு வீடு. சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், கறிக்குழம்பில் நல்லியெலும்பாகப் பார்த்து எனக்கு எடுத்து வைக்கிறாள். என்னை இப்போது அடுத்தவர்களிடம் 'அவுக' என்கிறாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நான் சம்பாதித்தது இல்லையே. பாறைமேல் வந்தவன் சம்பாதித்தது, நான் உட்கார்ந்து தின்கிறேன். அந்தச் சிவப்பு பல்பு பியூஸ் போனபோது நானே புதுசு வாங்கி மாட்டினேன், பொறாமையே இல்லாத ஆளல்லவா நான்! மாட்டும்போது வயிறு எரிந்தது.

இன்னொன்று. கரண்ட் போன சாயங்காலங்களில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அன்னைக்குப் பாறையில ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டீகளே, அப்பிடி ஒருக்காக் கூப்பிடுங்க," என்பாள். எனக்கென்ன தெரியும்? கண்ணு என்று கூப்பிட்டுப் பார்த்தேன், புள்ள என்றேன், தங்கம் என்றேன். "போங்க, வெளயாடாதீக," என்று இடிப்பாள். அவளிடமே கேட்கலாமென்றால், கேட்ட அன்றைக்கே எல்லாம் முடிந்துபோகும். சேவியர் எப்படிக் கூப்பிடுவார் என்று பிரியாவிடம் ஜாடையாக விசாரித்தேன். "சும்மா ஸ்டெல்லான்னுதான் கூப்பிடுவாரு மாமா," என்றாள். அப்படியானால் பாறைமேல் வந்தது சேவியரும் இல்லையா? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

போன வாரம் ஒரு காயில் வேலையை முடித்துவிட்டு வெயில் தாழ வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றக் குனிந்தேன். செவலை தலையைக்கூடத் தூக்கவில்லை, கூடத்து நடுவில் மல்லாந்து படுத்து ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து ஸ்டெல்லாவின் சிரிப்பு, அதே சிரிப்பு. திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்:

"இப்பக் கூப்பிட்டீகளே, இதத்தான் நான் கேட்டேன். இம்புட்டு நாளும் தெரியாத மாதிரி நடிச்சீகளாக்கும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. ஒரு நிமிஷம் முந்தி வந்திருந்தால் அந்தப் பேர் என்னவென்றாவது காதில் விழுந்திருக்குமே என்றுதான் வயிறு எரிந்தது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை, ஒரு செருப்பு காலிலேயே இருக்கிறது.