குந்தி எழுதல்

பட்டாளத்தில் இருந்தபோது மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து என் வலது முழங்கால் போயிற்று. ஊருக்கு அனுப்பும்போது ஊனத்துக்கென்று ஒரு பென்ஷன் போட்டார்கள். அது நிரந்தரம் அல்ல. சில வருஷங்களுக்கு ஒரு முறை பட்டணத்து ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, ஊனம் இன்னும் இருக்கிறதென்று டாக்டர் எழுத வேண்டும். உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு காணி நிலம். என்னால் ஏர் பிடிக்க முடியாது. அந்தப் பணத்தில்தான் ஆள் வைத்து உழுதோம். அது நின்றால் நிலத்தைக் குத்தகைக்கு விடவேண்டியதுதான்.

என் காலுக்கு ஒரு குணம். குந்த விடும், எழ விடாது. குந்தாமல் கிராமத்தில் எந்தக் காரியம் நடக்கும்? வீட்டில் என் மனைவி தோள் கொடுத்துத் தூக்கிவிடுவாள். வெளியில் வேப்பமரம், கிணற்றுச் சுவர் என்று எதையாவது பிடித்து எழுவேன். எங்கள் தெருவில் அப்படிப் பதினான்கு இடங்கள். இப்போதும் வரிசையாகச் சொல்வேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்த பரிசோதனையில்தான் வினை வந்தது. டாக்டர் இளைஞர், வடக்கத்திக்காரர். உதவிக்கு நின்ற ஆர்டர்லி வாலாஜாபாத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதுமே, "உத்திரமேரூரா அண்ணாத்தே? நம்ம பக்கம்தான்!" என்று ஒட்டிக்கொண்டார்.

டாக்டர் குந்தச் சொன்னார். குந்தினேன். முழங்கால் மடங்கியதைப் பார்த்துவிட்டுக் கை கழுவத் திரும்பினார். அதற்குள் ஆர்டர்லி என் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"ரைஸ் மில்லுல மூட்ட தூக்கினவன் நானு. நீ இன்னா பெரிய கனம்!"

டாக்டர் திரும்பியபோது நான் நேராக நின்றுகொண்டிருந்தேன். பென்ஷன் நிறுத்தம் என்று தபால் வந்தது.

"எயுப்பி வுட்டவர இன்னா சொல்றது? நல்ல மனுசன்," என்றாள் மனைவி.

"அந்த நல்ல மனுசனாலதான் கயனி கைய வுட்டுப் போவப் போவுது," என்றேன்.

குந்தியதைப் பார்த்தார்கள், எழுந்ததைப் பார்க்கவில்லை என்று மனு எழுதினேன். மூன்று டாக்டர்கள் முன் வரச் சொன்னார்கள். இந்த முறை மந்தார இலையில் தயிர்சோறு கட்டிக்கொண்டு அவளும் வந்தாள். வராந்தாவில் அதே ஆர்டர்லி. நான் அவரைக் காட்டியதும் அவள் வழி மறித்தாள்.

"அண்ணா, இந்த வாட்டி அவருக்குக் கை குடுக்காதீங்க."

"இன்னாம்மா இது? ஒரு மனுசன் கீய கெடந்தா பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?"

"நில்லுங்க. கையப் பின்னால கட்டிக்கினு நில்லுங்க."

உள்ளே டாக்டர்கள் எதிரில் அப்படியே நின்றார், பாவம், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. நான் குந்தினேன். எழச் சொன்னார்கள். வலி வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம். ஜன்னல் கம்பிகள் பதினொன்று. எண்ணி முடிப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் கையூன்றிவிட்டேன்.

மூவரில் மூத்தவர், தலை நரைத்த தமிழர், "வீட்டில் எப்படி எழுந்திருக்கிறீர்?" என்று கேட்டார்.

"சம்சாரம் தூக்கிவிடும் சார்."

"கூப்பிடுங்கள்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனை அந்நியர் எதிரில் தொடமாட்டாள். தெருவில் நடந்தால்கூட நான்கு அடி பின்னால்தான் வருவாள். உள்ளே வந்தவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவுங்க எதுருலயா?"

"ஆமா."

முந்தானையை இழுத்துச் செருகினாள். அவர்களுக்கு முதுகு காட்டிக் குந்தி, என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி?" என்று கேட்டார் மூத்தவர்.

"எண்றது அவரு வேலைங்க. தூக்கறதுதான் என் வேலை," என்றாள். மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அவர் எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பென்ஷன் தொடரும் என்று தாள் வந்த அன்று படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மறுபடியும் எப்போ அவுங்க எதுருல தூக்கணும்?" என்றாள்.

"அஞ்சு வருசம் கயிச்சி."

ஐந்து வருஷம் கழித்து அந்த நாள் வந்தபோது, எனக்கு முன்பே எழுந்து குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.