பின் பலகைக்காரன்

மீட்புப் படகு நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பஞ்சு என்றால்தான் திரும்புவார். எவ்வளவு பெரிய அலையானாலும் படகைப் பஞ்சு மாதிரி இறக்குகிறார் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைக்க, அதுவே நிலைத்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. வீட்டில் மனைவி அலமாரிக் கதவைப் பட்டென்று சாத்தினால்கூட, "எதுக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும்" என்று உபதேசம் ஆரம்பித்துவிடுவார். "அந்தப் பக்குவத்தைப் பாத்திரம் கழுவுறதுல கொஞ்சம் காட்டுங்க" என்பாள் அவள். மனிதர் உடனே செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. இருபத்திரண்டு வருடமாகப் படகு ஓட்டுகிறார். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனவர்கள், கப்பலில் நெஞ்சுவலி வந்தவர்கள், தனக்கு நீச்சல் தெரியும் என்று நம்பி இறங்கியவர்கள், இப்படி எல்லோரையும் கரைசேர்ப்பது அந்த நிலையத்தின் வேலை. படகில் மூன்று பேர் போவார்கள். பஞ்சு முன்னால் நின்று ஓட்டுவார். நடுவில் மெக்கானிக். கடைசிப் பலகையில் பஞ்சுவின் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. கயிறு வீசுவதும் தண்ணீரில் குதித்து ஆளைத் தூக்கிப் போடுவதும் அவன் பாடு. ஒன்பது வருடத்துக்கு முன் அவனை அங்கே சேர்த்துவிட்டவரே பஞ்சுதான். "என் தம்பியை உங்களை நம்பித்தான் கடலுக்கு அனுப்புறேன்" என்று மனைவி சொன்னபோது, "என் கையில இருக்கான், பயப்படாதே" என்று வாக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

இப்போது பழைய படகு ஓய்வுக்கு வந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு படகை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தன. இரண்டுமே அடி கெட்டியாக, சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாயோடு இருக்கும் வகை. ஒன்றுக்குச் சிவப்புக் குழாய், மற்றதற்குச் சாம்பல் நிறக் குழாய். சிவப்புப் படகு எடை குறைவு, அடி கொஞ்சம் தட்டை, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே திரும்பும். பின்னால் நீளப் பலகை போட்டுப் பதினான்கு பேரை ஏற்றலாம். சாம்பல் படகு கனமானது. அடி ஆழமாக ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். பலகைக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த தனித்தனி இருக்கைகள். பத்துப் பேருக்கு மேல் ஏறினால் மூச்சுத் திணறும், வேகமும் மட்டு. பஞ்சு எதை எழுதிக் கொடுக்கிறாரோ அதுதான் வரும். வந்தால் பத்து வருடம் அதோடுதான் குடித்தனம். கல்யாணத்துக்குக்கூட மனிதர் இவ்வளவு யோசித்ததில்லை.

திங்கட்கிழமை கடல் நல்ல கொந்தளிப்பில் இருந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். சாம்பல் படகு வயிறு முட்டச் சாப்பிட்டவன் நடப்பதுபோல அசைந்து போனது. சிவப்பு அப்படியில்லை, நினைத்த இடத்துக்கு நினைத்த கணத்தில் போய் நின்றது. ஒவ்வொரு அலையும் வருவதைப் பார்த்து, முழங்காலை மடக்கி, வேகத்தைத் துளி குறைத்து, மறுபடி கூட்டி, அவர் குஷியாக ஓட்டினார். பின்னாலிருந்து மச்சினன் கத்தினான்.

"மெதுவா போங்க மாமா."

"நின்னுக்கிட்டு ஓட்டுற எனக்கே வலிக்கல. உக்காந்துட்டு வர்ற உனக்கு என்னடா நோவு?"

மெக்கானிக் சிரித்தான். மச்சினனும் சிரித்து வைத்தான். இந்தப் பேச்சு ஒன்பது வருடமாக நடக்கிற பேச்சு. அன்று மாலையே பஞ்சு படிவத்தை எடுத்து, சிவப்பு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை மச்சினன் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பியிருந்தான். மெக்கானிக்குக்கு ஓட்டுநர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, இன்னிக்கு ஒரு மணி நேரம் நான் ஓட்டுறேனே, ஓட்டின நேரக் கணக்குல சேரும்" என்று கெஞ்சினான். சரி போ என்று சிவப்புப் படகைக் கொடுத்துவிட்டு, பஞ்சு கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஓடுகிற படகில் அவர் அங்கே உட்கார்ந்தது அன்றுதான். யோசித்துப் பார்த்தால் வெட்கக்கேடு. ஆனால் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் முதல் அடி விழுந்தது. எதிரே மெக்கானிக்கின் முதுகுதான் தெரிந்தது, அலை தெரியவில்லை. வருவது தெரிந்தால் உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்ளும். தெரியாதவனுக்குப் பலகை அடியிலிருந்து வந்து அறைகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது அடியில் இடுப்பிலிருந்து பிடரிவரை சுரீர் என்று ஏறியது. மெக்கானிக் மோசமான ஓட்டுநர் இல்லை. பஞ்சுவிடம் கற்றவன், பஞ்சு மாதிரியேதான் ஓட்டினான். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், பதினோராவது நிமிடம் தன்னை அறியாமல் கத்தினார்.

"மெதுவா போடா."

"இதுவே மெதுவாத்தாண்ணே."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பஞ்சுவுக்கு முதுகுவலி வந்து தெரிந்தது.

அன்று மாலை நேரே மச்சினன் வீட்டுக்குப் போனார். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவன் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தான். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட், நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது. இவரைப் பார்த்ததும் சட்டையை இழுத்து மூடப் பார்த்தான்.

"எத்தனை நாளாடா?"

"மூணு வருஷம் இருக்கும் மாமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. தினம்தான் சொன்னேன்."

அவன் மெல்லப் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுந்தான். எழுந்து நிற்க ஒரு நிமிடம் பிடித்தது. முப்பத்தாறு வயது.

"டாக்டர் தண்டுவட எலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு பிதுங்கிருச்சுன்னு சொல்றார். கடலுக்குப் போகாதேங்கிறார். ஆபீசுக்குத் தெரிஞ்சா மறுநாளே கரையில உக்கார வச்சிருவாங்க. அங்க நான் சாவிக்கொத்தை எண்ணிக்கிட்டு இருக்கவா? நாப்பத்தோரு பேரைத் தூக்கியிருக்கேன் மாமா, இந்தக் கையால. எனக்கு வேற எதுவும் தெரியாது. அக்காகிட்டயும் சொல்லாதீங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்றார் பஞ்சு. வேறென்ன சொல்வது? வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்து, எழுந்துவிட்டார். "கடல்ல ஏதும் ஆச்சா?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை, ஆனாலும் விட்டுவிட்டாள். என் கையில இருக்கான் என்று சொன்ன கை அது. அந்தக் கைதான் அவனை ஒன்பது வருடமாகத் தூக்கித் தூக்கிப் பலகையில் போட்டிருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரியைப் பார்க்கப் போனார். எந்தக் காகிதத்தையும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு முத்திரை என்றே பெயர். கெட்ட மனிதரில்லை, காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அறையின் கதவு கடற்காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பழைய நங்கூரத்தை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

"சார், அந்தப் படிவத்தை மாத்தி எழுதணும். சாம்பல் படகே வாங்கலாம்."

"திங்கக்கிழமை நீங்கதானே சிவப்புன்னு எழுதினீங்க? வேகமாப் போகும், பதினாலு பேர் ஏறலாம்னு நீங்களே காரணமும் போட்டிருக்கீங்க."

"பின்னால உக்காருறவங்களுக்கு முதுகு போயிரும் சார்."

"பழைய படகும் இதே அமைப்புதானே? இத்தனை வருஷத்துல முதுகு போச்சுன்னு யாராவது ஒரு வரி எழுதிக் குடுத்திருக்காங்களா?"

யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுத்தவனுக்குக் கடல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோருக்கும் நல்ல முதுகு. பஞ்சு இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றார். வாயை மூடிக்கொண்டால் சிவப்புப் படகு வரும், மச்சினன் இன்னும் பத்து வருடம் அதே பலகையில் உட்காருவான், பத்து வருடம் தாங்கினால். வாயைத் திறந்தால் அவன் நாளைக்கே கரையில் உட்காருவான்.

"என் மச்சினனுக்குப் போச்சு சார். மூணு வருஷமா பெல்ட் போட்டுக்கிட்டு வர்றான்."

முத்திரை மணியை அடித்து மச்சினனை வரச்சொன்னார். அவன் வந்து பஞ்சுவின் முகத்தைப் பார்த்தான், பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"உனக்கு முதுகுல ஏதோ கோளாறாமே?"

"இல்லையே சார். நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க மாமா சொல்றாரே."

"மாமாவுக்கு அந்தச் சாம்பல் படகு பிடிச்சுப்போச்சு சார். அதான் என்னைச் சாக்கு சொல்றார்."

முத்திரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைக் காட்டினார். "அப்ப அந்த நங்கூரத்தைக் கொஞ்சம் தூக்கு பார்க்கலாம்." வேண்டாம் சார் என்று பஞ்சு சொல்வதற்குள் அவன் குனிந்துவிட்டான். இருபத்தைந்து கிலோ இரும்பு. மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கி, இடுப்பளவில் வைத்துக்கொண்டு நேராக நின்றான். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. முட்டுப் போன கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

"பஞ்சு, ஆள் கல்லு மாதிரி நிக்கிறான், நீங்க வேற" என்றார் முத்திரை. "சரிப்பா, கீழ வை."

அவன் வைக்கவில்லை.

"வைப்பா, போதும்."

அவன் உதடு மட்டும் அசைந்தது. குனிய முடியவில்லை. நெற்றியில் வியர்வை கோத்து மூக்கின்மேல் இறங்கியது. இரும்பைப் பிடித்த கைவிரல்கள் வெளுத்துவிட்டன. முத்திரையின் சிரிப்பு நின்றது. பஞ்சு போய் நங்கூரத்தைத் தன் கையில் வாங்கிக் கீழே வைத்தார். அவன் இன்னும் அதே நிலையில், கைகளை முன்னால் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான். முத்திரை திங்கட்கிழமைப் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். அது ஆளைக் கரை வேலைக்கு மாற்றுகிற படிவம் என்று மூவருக்கும் தெரியும்.

வெளியே வந்தார்கள். பஞ்சு பைக்கை எடுக்கப் போனார்.

"வேணாம் மாமா. அந்தக் குலுக்கல் தாங்காது. நான் பஸ்ல நின்னுக்கிட்டே போயிருவேன்."

பஞ்சு வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே அவனோடு நடந்தார். பஸ் நிறுத்தம் வந்தது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது அவருக்கு. பஸ் தூரத்தில் வரும்போதுதான் கேட்டான்.

"என் இடத்துக்கு யாரைப் போடுவாங்க?"

"தெரியலடா."

"யாரா இருந்தாலும், வாரத்துல ஒரு நாள் அவனை முன்னால நிக்க வச்சிட்டு நீங்க பின்னால உக்காருங்க மாமா."

பஸ் வந்து நின்றது. அவன் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினான். உள்ளே இடம் நிறைய இருந்தது. யாரோ பக்கத்துக் காலி இடத்தைக் காட்டினார்கள். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நின்றுகொண்டான். பஞ்சு சரிடா என்று சொன்னார். பஸ் கிளம்பியபிறகுதான் சொன்னார், அது அவனுக்குக் கேட்டிருக்காது.