ரெண்டாம் கப்பு வேண்டுமா?

எங்கள் ஊர் கால்பந்துப் போட்டியில் இரண்டு கோப்பைகள் உண்டு. பெரிய கப்பு இடுப்பு உயரத்துக்கு இருக்கும். முதல் சுற்றிலேயே தோற்றுப்போன அணிகள் தங்களுக்குள் ஆடி வெல்வது ரெண்டாம் கப்பு. அது சொம்பைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கோடையில் கமிட்டி கூடியதும் இந்த ரெண்டாம் கப்பு தேவைதானா என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே நான் எழுந்து கத்துவேன். எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர் நான். நாங்கள் முதல் சுற்றைத் தாண்டியதாகச் சரித்திரமே கிடையாது.

வேண்டாம் என்பவர்கள் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய கப்பு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ரெண்டாம் கப்பு ஆட்டத்தில் மைக்செட்காரர் கொட்டாவி விடுவது ஸ்பீக்கரில் கேட்கும். பார்க்க வருவது ஆடுபவர்களின் வீட்டுக்காரர்களும், புல் மேய வந்த ஆடுகளும்தான். கமிட்டித் தலைவர் ரைஸ் மில் வைத்திருப்பவர். தோற்றவனுக்கு எதற்குக் கப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

என் கட்சி வேறு. பெரிய கப்பில் ஆடுவது ஊர்க்காரர்களே இல்லை. கேரளாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்து ஊர் பனியனை மாட்டிவிடுகிறார்கள். சொந்த ஊர்க்காரன் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டுகிறான். ரெண்டாம் கப்பில் அந்தக் கதை நடக்காது. அந்தந்த ஊர் ரேஷன் கார்டில் பேர் இருப்பவன்தான் ஆடலாம் என்பது விதி.

இந்த விதியால் ஆட்டத்தில் நிலைத்திருப்பவர் அதிராம்பட்டினத்து நண்பர் ஒருவர். துபாயில் ஏசி மெக்கானிக். ஒரு காலத்தில் அவர்தான் அவர் ஊரின் ஃபார்வர்டு. வெளியாட்கள் வந்த பிறகு பெரிய கப்பில் அவருக்கு இடமில்லை. ஆகவே வருஷத்தில் ஒரு மாத லீவை ரெண்டாம் கப்பு சமயத்தில் போடுவார். தன் ஊர் முதல் சுற்றில் தோற்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரே அதிராம்பட்டினத்துக்காரர் அவராகத்தான் இருப்பார். கூட்டிவந்த ஆட்கள் ஒருவர் பேரை ஒருவர் தெரிந்துகொள்வதற்குள் முதல் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், அந்த ஆசை பெரும்பாலும் பலித்துவிடும். அவர் எனக்குக் கோல் அடிப்பதும் நான் திட்டுவதுமாக வளர்ந்த நட்பு எங்களுடையது.

சென்ற வருஷம் தலைவர் ஒரு முடிவு சொன்னார். ரெண்டாம் கப்பு ஃபைனலுக்குக் கூட்டம் வந்தால் தொடரலாம், வராவிட்டால் இதோடு சரி. ஃபைனலில் நாங்களும் அதிராம்பட்டினமும். நண்பருக்கு மறுநாள் திருச்சியிலிருந்து ஃப்ளைட்.

மைதானத்தை ஒட்டி ஒரு வாய்க்கால். கூட்டம் வந்தால் பைக்குகளை உள்ளே விட வேண்டுமே என்று, காய்ந்து கிடந்த வாய்க்காலின் கரைகளை ஜேசிபியால் வெட்டி வழி போட்டோம். மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது, தண்ணீர் எங்கள் பக்கம் இன்ன தேதிக்கு வரும் என்று பேப்பரில் வந்திருந்தது. அது ஃபைனல் தேதிதான். யார் நம்புவது? நாங்கள் கடைமடைக்காரர்கள். சொன்ன தேதிக்குத் தண்ணீர் வந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் சாவகாசமாகக் கரையைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவானது. அந்த ஏகமனதில் நானும் உண்டு.

தண்ணீர் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.

முதல் பாதி கோல் இல்லாமல் முடியும்போதே கரையில் ஜனம் சேர ஆரம்பித்தது. எனக்கு ஒரே குஷி. தலைவரைப் பார்த்து மீசையைக்கூட முறுக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் எங்களைப் பார்க்க வரவில்லை. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் புதுத் தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள். பெண்கள் பூத் தூவினார்கள். தண்ணீர் பூவோடு நாங்கள் வெட்டிய வழியில் திரும்பி மைதானத்துக்குள் இறங்கியது.

இரண்டு அணியும் மண்வெட்டியும் சாக்குமாக ஓடினோம். ஒருவழியாகக் கரையை அடைத்தபோது ஒரு பக்கக் கோல் முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். கப்பை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாம் என்றார் நடுவர். தலைவர் அப்போதே நாற்காலிகளை எடுக்கச் சொல்லிவிட்டார். நண்பர் முழங்கால்வரை சேற்றோடு நடுவரிடம் போனார். மெதுவாகத்தான் பேசினார்.

"சார், வருஷம் பூரா நான் ஏசி ரிப்பேர்காரன். இங்க மட்டுந்தான் ஃபார்வர்டு. முடிச்சுட்டுப் போயிடுறேனே."

நடுவர் விசிலை எடுத்தார்.

பக்கம் மாறியதில் ஈரக் கோல் என் தலையில் விழுந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்து என்னைப் பார்த்து வந்தது. உருண்டு வந்துவிடும் என்று கையை விரித்துக் காத்திருந்தேன். அது தண்ணீரில் பொத்தென்று நின்றது. நான் பாய்வதற்குள் நண்பர் வந்துவிட்டார். சேறு என் வாய்க்குள், பந்து வலைக்குள். கரையில் எழுந்த சத்தத்தைப் பெரிய கப்பில்கூட நான் கேட்டதில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தண்ணீரில் ஓடியதைப் பார்த்தபோது சந்தோஷமாகவும் இருந்தது.

அது தண்ணீருக்கு வந்த கூட்டம், கணக்கில் சேராது என்று தலைவர் பிறகு சொல்லிவிட்டார். தண்ணீர் தாண்டிப் போன பிறகும் அவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டேன். மில்லுக்கு நேரமாகிவிட்டது என்றார். இந்த வருஷப் போட்டி நெருங்கிவிட்டது. கமிட்டி இன்னும் கூடவில்லை. ரெண்டாம் கப்பை எடுத்துவிடுவார்கள் என்றுதான் டீக்கடையில் பேச்சு.

போன வாரம் துபாயிலிருந்து போன் வந்தது. லீவுத் தேதியைக் கேட்டுக் கம்பெனியில் நெருக்குகிறார்களாம். ரெண்டாம் கப்பு இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை.

"அண்ணே, ஃபைனல் என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து ஒரு தேதியைச் சொல்லிவிட்டேன். கமிட்டிக்கு இன்னும் தெரியாது.