மார்ச்சில் ரிலீஸான கார்

எது ஸ்போர்ட்ஸ் கார், எது வெறும் வேகமான கார் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்லூரிக் கேண்டீனில் இந்தச் சண்டை வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். குதிரைத்திறன்தான் கணக்கு என்பான் ஒருவன். பின்சக்கரம் தள்ள வேண்டும் என்பாள் இன்னொருத்தி. நான் எழுந்து நின்று, டீ கிளாஸைக் கை மாற்றி, பேச வாயெடுத்து, பிறகு பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். பத்து வயதிலேயே இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு எழுதியவள் நான். நாற்பது பக்க நோட்டில், ஆறு விதிகளோடு.

விதிகள் என் சொந்தச் சரக்கல்ல. அம்மாவின் தம்பியான மாமா சேர்த்து வைத்திருந்த கார் பத்திரிகைகளிலிருந்து, அகராதியும் கையுமாக நான் திரட்டியவை. இரண்டே சீட்டு இருக்க வேண்டும். வண்டி தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும். எடை குறைவாக, சொகுசுச் சாமான் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்க வேண்டும். ரோட்டின் குண்டு குழியெல்லாம் முதுகெலும்பில் தெரிய வேண்டும். ஆறாவது விதிதான் எனக்குப் பிடித்தது: வண்டி நின்ற பிறகும் உள்ளே இருப்பவருக்கு இறங்க மனசு வரக் கூடாது.

வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் மாமா இருந்தார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை ஆட, வெள்ளை நிறச் சின்னக் காரில் கிளம்பிப் போவார். நாலு கதவு, அஞ்சு சீட்டு, மெத்தென்ற ஓட்டம். என் நோட்டில் அதற்கு ஆறுக்குப் பூஜ்யம்.

"பாஸ் மார்க்காவது போட்டு உடுங்க அம்மணி," என்பார் மாமா.

"விதின்னா விதிதானுங்க மாமா."

அந்த வருடம் ஏப்ரலில் மார்க் ஏற ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் பின்சீட்டைக் காணோம்! வெறும் தகரம்தான். கவர் தைக்கக் கொடுத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டே சீட்டு! ஸ்போர்ட்ஸ் காரா மாத்தறீங்களா மாமா?" என்று கத்தினேன். அவர் கதவைச் சாத்தியபடியே, "ஆமாங்க கண்ணு, கண்டுபிடிச்சுட்டீங்களே," என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஏது தூக்கம். மே மாதக் கத்திரி வெயிலில் ஏசி நின்றது. சரி செய்யவில்லை. எடை குறைப்பு என்று நான் சொல்ல, அவர் தலையாட்டினார். ஜூனில் சைலன்சர் ஓட்டையாகி, வண்டி தெருமுனை திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. பின்பக்கம் நாளுக்கு நாள் இறங்கி, டயரை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டபோது ஒவ்வொரு வேகத்தடையிலும் என் பற்கள் மோதிக்கொண்டன. பின்னால் தகரத்தில் கறுப்பாக, பொடிப்பொடியாக மண். விரலில் தொட்டு, "ரேஸ் ட்ராக் மண்ணுங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க." நான் கேட்டதற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். ஜூலைக்குள் அஞ்சு டிக் விழுந்துவிட்டது.

இதில் என்னை உண்மையிலேயே பாடாய்ப் படுத்தியது வேறொன்று. மாடிப்படியில் உட்கார்ந்து மாமா யாரோ சிநேகிதனிடம் போனில் பேசியதைக் கேட்டுவிட்டேன். "மார்ச்லயே ரிலீஸ் பண்ணிட்டாங்கடா. ஊட்ல இன்னும் சொல்லலை. அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்காது."

ரிலீஸ்! காந்திபுரம் தியேட்டரில் படம் ரிலீஸாகும். பத்திரிகையில் புது மாடல் ரிலீஸாகும். அப்படியானால் இந்த வண்டியின் ஸ்போர்ட்ஸ் மாடலும் மார்ச்சிலேயே ரிலீஸாகி, மாமா ரகசியமாக ஒவ்வொரு பாகமாக அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். முழுதாக முடித்து அம்மாவை அசத்தப் போகிறார். தாங்காதுதான், சந்தோஷத்தில் அம்மா மயங்கி விழுந்தாலும் விழுவாள். நான் மூச்சுவிடவில்லை. மூன்று வாரம்! ஒரு விடுகதைக்கு விடை தெரிந்தால் மூன்று நிமிஷம் வைத்திருக்க மாட்டேன் நான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் அக்காவான அத்தை தன் பையனோடு விருந்துக்கு, ஒறம்பரையாக வந்திருந்தார். மாமாவுக்குப் பார்த்திருந்த ஒரு பெண்ணின் ஜாதகம் அவர் பையில் இருந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதக்கணக்கில் அலைந்து கேட்டு வந்த ஜாதகம்.

எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அத்தை பையன் ஆரம்பித்தான். அவர்கள் வீட்டில் ஆள் உயர ஜீப் வாங்கியிருந்தார்கள், அன்று அதை அவன் அப்பா எடுத்துப் போயிருந்தார்.

"ஏம்புள்ள, உங்க மாமன் வண்டி என்ன பொணம் தூக்கற வண்டியாட்டம் பின்னால தொங்குது?"

"அது ஸ்போர்ட்ஸ் காருடா."

"ஸ்போர்ட்ஸ் காரா! எங்கூரு டிராக்டர் கூட அதவிட ஸ்போர்ட்ஸு."

அத்தை சிரித்தார். மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எச்சில் கையோடு ஓடி நோட்டை எடுத்து வந்தேன். நின்றபடியே படித்தேன். பின்சீட்டைக் கழற்றியது, ஏசி இல்லாதது, வண்டி இறங்கியது, சைலன்சர், முதுகெலும்பு, ட்ராக் மண். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். சந்தோஷம் ஏறுகிறது என்று நினைத்தேன். கடைசி ஆணியையும் அடித்தேன்.

"மார்ச்லயே ரிலீஸ் பண்ணிட்டாங்க! மாமா போன்ல சொன்னாங்க. அம்மாவுக்குத்தான் இன்னும் சொல்லலை!"

அம்மாவின் பார்வை மாமாவின் சட்டைப் பைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமையும் அந்த நீல நாடா பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரைக் கண்ணு ரிலீஸ் பண்ணுனாங்க?" என்றார் அத்தை.

"வண்டியைத்தானுங்க அண்ணி," என்றாள் அம்மா, எனக்கு முன்பாக. "புது மாடலாமா. இவங்க ரெண்டு பேருக்கும் எந்நேரமும் இதே பேச்சு." பிறகு மாமாவின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "சாப்பிடு தம்பி."

நான் வெற்றியோடு அத்தை பையனைப் பார்த்து நாக்கை நீட்டினேன்.

அவர்கள் கிளம்பும்போது அத்தை ஜாதகத்தை எடுத்தார். அம்மா அதை வாங்கவில்லை. "ஒரு ஆறு மாசம் போகட்டுங்க அண்ணி. கோவிச்சுக்காதீங்க," என்றாள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தை முகம் சுண்டிப் போய்விட்டது.

பஸ் ஏற்றிவிட அப்பா அவர்களோடு போனதும், அம்மா செருப்பை மாட்டினாள். "சாவி எடு தம்பி. ஒரு ரவுண்டு போலாம்."

"நானும்!" என்று குதித்தேன்.

"ரெண்டு சீட்டுதானுங்க கண்ணு," என்றார் மாமா. நான் எழுதிய விதி. என்ன சொல்ல முடியும்?

கேட்டிலேயே நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி நின்றேன். ஒரு யுகம் கழித்துத் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. வண்டி வந்து நின்றது, என்ஜின் அணைந்தது. யாரும் இறங்கவில்லை. ஏசி இல்லாததால் ஜன்னல் திறந்தேதான் இருந்தது, அம்மாவின் குரல் கேட்டது.

"அஞ்சு மாசமா காலைல டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தனே. அதைய எங்க வச்சுத் தம்பி சாப்பிட்டே?"

"வண்டிக்குள்ளதானுங்க்கா."

"இந்த மண்ணு?"

"பவுண்டரி மண்ணு. பம்ப்செட்டுச் சாமான் இதுலயே ஏத்தி எறக்கறேன். வேற வேலை கெடைக்கற வரைக்கும்."

இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குள் ரேஸ் ட்ராக் போட்டிருக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். அம்மா அந்த நீல நாடாவைத் தன் விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதன் நுனியில் அட்டை இல்லை. மாமா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். அம்மாவின் மஞ்சள் சேலையில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது, அவள் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"ஸ்பீடு போச்சாம்மா?" என்று கேட்டேன்.

"போச்சு கண்ணு," என்றாள். ஆனால் இறங்கவில்லை.

நான் திண்டாடிக் காலை மாற்றி மாற்றி நின்றேன். அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். இருவரும் அப்படியே இருந்தார்கள், கதவின் கைப்பிடியைக் கூட யாரும் தொடவில்லை.

உள்ளே ஓடினேன். நோட்டைத் திறந்து, பென்சிலைக் கூராகச் சீவி, ஆறாவது விதிக்கு எதிரே ஒரு பெரிய டிக் போட்டேன்.